முக்கால்

பெல்ஃபாஸ்டில் அக்டோபர் கடைசியில்
கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள்.
மறுநாள் திங்கட்கிழமை
ஐந்தேகால் மணி திடீரென்று இரவாகிவிடும்.
அந்த ஐந்தேகாலில்தான்
ஓர்மோ சாலையைக் கடந்தேன்.
பால் தீர்ந்திருந்தது. வேறு காரணம் இல்லை.

வேன் வருவதைப் பார்த்தீர்களா என்று கேட்கிறார்கள்.
பார்த்தேன்.
நிற்கும் என்று பார்த்தேன்.
பதினோரு வருடமாகப் பள்ளி வாசலில்
‘நில்’ என்று எழுதிய வட்டப் பலகையை
நடுச்சாலையில் ஊன்றி நிற்கிறவள் நான்.
பேருந்து நிற்கும். சிமெண்ட் லாரி நிற்கும்.
சவ ஊர்வலம்கூட ஒருமுறை
எனக்காக நின்றிருக்கிறது.
வெறுங்கையோடு போன அன்று
நான் யாரென்று வேனுக்குத் தெரியவில்லை.

காப்பீட்டு நிறுவனத்தின் கடிதம் மரியாதையானது.
அன்புள்ள திருமதி மகென்னிஸ்,
நீங்கள் கறுப்பு மேலங்கி அணிந்திருந்தீர்கள்.
ஒளிரும் அங்கி ஒன்று உங்கள் வீட்டிலேயே இருக்கிறது.
ஆகவே தவறில் கால் பங்கு
உங்களைச் சேரும்.

கறுப்பு இல்லை, கரும்பச்சை.
காட்டுவதற்கு அங்கி இல்லை.
ஆம்புலன்சில் கழுத்திலிருந்து கீழ் ஓரம்வரை
கத்தரித்துவிட்டார்கள்.
மிஞ்சியது ஒரு பொத்தான்.
அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து
“கறுப்பாகத்தான் தெரிகிறது” என்றார் ஃபெர்கஸ்.
அவர் என் வக்கீல்.

ஒளிரும் அங்கி நகராட்சியின் சொத்து.
அதை மாட்டிக்கொண்டு பால் வாங்கப் போனால்
விளக்கம் கேட்டுக் கடிதம் வரும்.
அதுவும் மரியாதையாகத்தான் இருக்கும்.

கால் பங்கு.
எந்தப் பங்கு என்று படுத்தபடி யோசித்தேன்.
இடது முழங்காலுக்குக் கீழே ஒரு தகடு,
ஒன்பது திருகு.
ஒன்பதில் கால் பங்கு இரண்டேகால்.
அப்படியென்றால்
இரண்டேகால் திருகு
நானே முடுக்கிக்கொண்டது.

வேன் ஓட்டிய பையன் ஜோயல் புர்டி.
இன்னும் பதினேழு பொட்டலம் பாக்கி வைத்திருந்தான்.
தன் ஜாக்கெட்டைச் சுருட்டி
என் தலைக்குக் கீழே வைத்தான்.
“நான்... நான்...” என்று ஏதோ தொடங்கினான்.
அதன் பிறகு பத்தொன்பது மாதம் ஒரு வார்த்தை இல்லை.
மன்னிப்புக் கேட்டால் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும்
என்று சொல்லி வைத்திருப்பார்கள்.
நானும் அவனுக்கு எதையும் எழுதவில்லை,
ஜாக்கெட் என்னிடமே இருக்கிறது என்பதைக்கூட.

வழக்கு நடக்கவில்லை.
நீதிபதி வரும் முன்பே
தாழ்வாரத்தில் பேரம் தொடங்கிவிட்டது.
இந்தக் கோடி பெஞ்சில் நான், அந்தக் கோடியில் அவர்கள்.
நடுவே இரண்டு வக்கீல்கள்
போவதும் வருவதுமாக.
அன்றைக்கு நடந்தவர்கள் அவர்கள் மட்டுமே.
இருவரும் தலைமுதல் கால்வரை
கறுப்பு அங்கி.
ஒருவரும் அவர்கள்மேல் மோதவில்லை.

ஏழாவது நடையில் ஃபெர்கஸ் குனிந்து
“முக்கால்” என்றார்.
“நல்ல முடிவு, டெர்வ்லா. பிடித்துக்கொள்ளுங்கள்.”
பிடித்துக்கொண்டேன்.
கைத்தடியோடு எழுந்தேன்.
எண்ணிப் பார்த்தால்
அவர் சொன்ன கணக்கு சரிதான்.

வெளியே தூறல்.
சிக்னலில் என் பக்கத்தில் வந்து நின்றவன்
இறுக்கமான கோட்டில் ஜோயல்.
கோட்டு இரவலாக இருக்க வேண்டும்;
கை இரண்டு அங்குலம் நீளம்.
எதிரே சிவப்பு மனிதன்.
அவன் என்னைப் பார்க்காமல்
சாலையைப் பார்த்துச் சொன்னான்:
“உங்க அங்கி பச்சைங்க.
நான் எழுதிக் கொடுத்தேன்.
அந்த வரியை எடுத்துட்டாங்க.”

எப்போது பார்த்தாய் தம்பி,
என் தலையைத் தூக்கியபோதா,
அதற்கு முன்பா?

கேட்க வாய் எடுத்தேன்.
விளக்கு மாறியது.
அவனும் நகரவில்லை, நானும் நகரவில்லை.
பச்சை மனிதன் வந்தான்,
எங்கள் இருவருக்கும் சேர்த்துக் கொஞ்ச நேரம் நடந்துவிட்டு
போய்விட்டான்.